தூரம் யார் கையில்? (ஈவ் ஆன்லைன்: கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் இணைய விளையாட்டில் மூன்று மாதமாக இருக்கிறேன். பாறை வெட்டுவதும் மிஷன் ஓட்டுவதும் சலித்துப்போய், போன மாதம் ஒரு ரிஃப்டரை (சிறிய ஃபிரிகேட் வகைக் கப்பல்) எடுத்துக்கொண்டு லோ-செக்கில் (காவல் குறைந்த பகுதியில்) இறங்கினேன். இதுவரை நான்கு கப்பல் போயிற்று.

முதலாவது, ஒரு நட்சத்திர அமைப்பிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் கேட்டைத் தாண்டிய உடனே. யார் அடித்தது என்று பார்ப்பதற்குள் பாடில் (கப்பல் வெடித்தபின் மிஞ்சும் உயிர்காப்புக் கூட்டில்) மிதந்துகொண்டிருந்தேன். இரண்டாவது, காண்டோர் என்ற கப்பல். இருபது கிலோமீட்டரில் நின்றபடி ஏவுகணை விட்டுக்கொண்டே இருந்தது. என்னால் தொடவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. மூன்றாவது, இன்கர்சஸ் என்ற கப்பல். காம்ப்ளெக்ஸுக்குள் (தனி வாயில் உள்ள சண்டைக்களத்துக்குள்) அதை ஓட்டியவர் இருந்த இடத்துக்கே போய் 500 மீட்டரில் ஆர்பிட் போட்டேன் (அவரைச் சுற்றி வட்டமடித்தேன்), அரை நிமிடத்தில் முடிந்தது. நான்காவது, என்னுடையதைப் போலவே ஒரு ரிஃப்டர். அவருக்குக் கால்வாசி ஆர்மர் (கவசம்) மிச்சமிருந்தபோது நான் வெடித்தேன்.

கப்பலில் கருவி பொருத்தும் இடங்களில், என் மிட் ஸ்லாட்டில் ஆஃப்டர்பர்னர் (வேகம் கூட்டுவது), ஸ்க்ராம் (எதிராளி தப்பி ஓடாமல் பிடிப்பது), ஷீல்ட் எக்ஸ்டெண்டர் (ஆர்மருக்கு வெளியே உள்ள ஷீல்டைக் கூட்டுவது). லோ ஸ்லாட்டில் டேமேஜ் கன்ட்ரோல் (அடியின் பாதிப்பைக் குறைப்பது), ஆன்சிலரி ஆர்மர் ரிப்பேரர் (ஆர்மரைப் பழுதுபார்ப்பது).

என்னை அடித்தவர்கள் பத்து வருடக்காரர்கள், ஸ்கில் பாயின்ட்டில் (காலப்போக்கில் சேரும் பயிற்சிப் புள்ளி) அவர்களை எட்டவே முடியாது என்கிறார்கள் என் கார்ப்பில் (ஆட்டக் குழுவில்). சர்வர் லண்டனில் இருக்கிறது, கோவையிலிருந்து ஆடினால் பிங்கே (இணையத் தாமதமே) நம்மைக் கொன்றுவிடும் என்கிறார் இன்னொருவர். எது உண்மை? புதியவன் என்று தெரிந்தும் அடிப்பது சரியா? அடுத்து எந்தக் கப்பல் வாங்கட்டும்?

கா., கோவை

அன்புள்ள கா.,

நீங்கள் இழந்த நான்கு கப்பலில் ஒன்றுகூட ஸ்கில் பாயின்ட்டாலோ பிங்காலோ போகவில்லை. நான்கிலும் எவ்வளவு தூரத்தில் சண்டை நடக்க வேண்டும் என்பதை எதிராளி முடிவு செய்தார், நீங்கள் அதற்கு ஒப்புக்கொண்டீர்கள். ஃபிரிகேட் சண்டையில் மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான்.

ஸ்கில் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு ரேங்க்-1 (மிக எளிய வகை) ஸ்கில்லை நான்காம் நிலைக்குக் கொண்டுபோக மொத்தம் 45,255 புள்ளி போதும். ஐந்தாம் நிலையை முடிக்க 256,000 வேண்டும். ஆக, ஐந்தில் நான்கு பங்கு பலன் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் உங்களிடம் வந்துவிடுகிறது. பத்து வருடக்காரர் டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பலை ஓட்டக் கற்றிருக்கலாம், சுரங்கத் தொழிலைக் கரைத்துக் குடித்திருக்கலாம். ரிஃப்டருக்குள் உட்கார்ந்தபின் அதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது. மின்மட்டார் ஃபிரிகேட், சிறிய ப்ரொஜெக்டைல் டரட், நேவிகேஷன், தெர்மோடைனமிக்ஸ் ஆகிய ஸ்கில்களை நான்காம் நிலைக்கு ஏற்றிவிட்டால் இடைவெளி மிகச் சிறியது.

பிங் விஷயம். இந்த ஆட்டத்தின் சர்வர் கட்டளைகளை நொடிக்கு ஒரு முறைதான் எடுத்துக் கணக்குப் போடுகிறது. அந்த ஒரு நொடிக்கு 'டிக்' என்று பெயர். கோவைக்கும் லண்டனுக்கும் நடுவே போகும் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் பெரும்பாலும் அதற்குள் கரைந்துவிடும். எப்போதாவது ஒரு டிக் தவறும், அவ்வளவுதான். கூட்டம் மிகுந்தால் சர்வர் ஆட்டத்தின் கடிகாரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகம்வரை மெதுவாக்கிக்கொள்ளும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி அமைப்பில் 75 டைட்டன்கள் அழிந்த சண்டை ஏறத்தாழ 21 மணிநேரம் இழுத்தது இப்படித்தான். அந்தப் பெரும்போர் தொடங்கக் காரணம், அந்த இடத்தின் உரிமைக்கான கட்டணம் கட்டப்படாமல் போனது! இது விரல் வேகத்தால் வெல்லும் ஆட்டமில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி தூரம். சில எண்களை மனப்பாடமே செய்துவிடுங்கள். டெக்-2 (மேம்பட்ட ரகம்) ஸ்க்ராம் எட்டும் தூரம் 9 கிலோமீட்டர். அது எதிராளியின் வார்ப்பை (வெகுதொலைவுக்குப் பாயும் ஓட்டத்தை) மட்டுமல்ல, மைக்ரோவார்ப் டிரைவையும் (ஆஃப்டர்பர்னரைவிட வேகமான உந்துகருவி) அணைத்துவிடும், ஆஃப்டர்பர்னரை ஒன்றும் செய்யாது. டெக்-2 டிஸ்ரப்டர் 24 கிலோமீட்டர். வார்ப்பை மட்டும் தடுக்கும். வெப் 10 கிலோமீட்டர், டெக்-2 என்றால் வேகத்தில் 60 சதவீதத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இந்த மூன்றையும் ஓவர்ஹீட் செய்தால் (அளவுக்கு மேல் சூடாக்கி ஓட்டினால்) ஸ்க்ராம் 10.8க்கும், டிஸ்ரப்டர் 28.8க்கும், வெப் 13க்கும் நீளும். ஃபிரிகேட் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த எண்களுக்கு நடுவில் நடக்கும் இழுபறிதான்.

உங்கள் இன்கர்சஸ் சண்டையை இதை வைத்துப் பாருங்கள். அதில் இருப்பது பிளாஸ்டர். ஒட்டி நின்றால் அதைப்போல் அடிக்கும் சிறிய பீரங்கி வேறில்லை, ட்ராக்கிங்கும் (நகரும் குறியைப் பின்தொடரும் வேகம்) அபாரம். முதலைக்குத் தண்ணீருக்குள்தான் பலம். நீங்கள் அதன் தண்ணீருக்குள்ளேயே இறங்கி 500 மீட்டரில் சுற்றினீர்கள். நெருங்கிச் சுற்றினால் குண்டு படாது என்று பல வழிகாட்டிகள் சொல்வது பாதி உண்மை. சுற்றும்போது எழும் கோணவேகம் இரண்டு கப்பலுக்கும் ஒன்றுதான். அவருடைய பீரங்கி திணறும் அளவுக்கு உங்களுடையதும் திணறும். ட்ராக்கிங் அதிகம் உள்ளவருக்கே அந்தச் சுற்று லாபம். தூரத்துப் பீரங்கியான ஆர்ட்டிலரியோ பீம் லேசரோ வைத்திருப்பவரை ஒட்டிச் சுற்றுங்கள், பிளாஸ்டர்காரரைச் சுற்றாதீர்கள்.

அவரோடு எட்டு, எட்டரை கிலோமீட்டரில் நிற்க வேண்டும். ஸ்க்ராமுக்குள், ஆனால் பிளாஸ்டரின் வலு கரைந்துபோகும் தூரத்தில். உங்கள் ரிஃப்டரின் ஆட்டோகேனன் பீரங்கிக்கு ஆப்டிமல் (முழு பலத்தோடு அடிக்கும் தூரம்) ஒரு கிலோமீட்டர் அளவுதான், மற்றதெல்லாம் ஃபாலாஃப் (அதற்கப்பால் பலம் குறைந்துகொண்டே போகும் தூரம்). ஆப்டிமலைத் தாண்டி ஒரு ஃபாலாஃப் தூரத்தில் குண்டு படும் வாய்ப்பு 50 சதவீதம், இரண்டு ஃபாலாஃப் தாண்டினால் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். பேரேஜ் குண்டு போட்டால் ஃபாலாஃப் நீளும் (அதற்கு டெக்-2 பீரங்கி வேண்டும்). அந்தத் தூரத்தில் நீங்களும் முழு பலத்தோடு அடிக்க மாட்டீர்கள். அவர் உங்களைவிட மோசமாக அடிப்பார், அது போதும்.

ஆனால் அந்தத் தூரத்தைப் பிடிப்பது எப்படி? இங்கேதான் ஃபாக்ஷன் வார்ஃபேர் (ஆட்டத்தின் அரசுகளுக்கிடையிலான போர்) காம்ப்ளெக்ஸ் உதவும். அதன் வாயிலான ஆக்சிலரேஷன் கேட் வழியாக வருபவர் உள்ளே ஒரே இடத்தில்தான் வந்து விழுவார். உள்ளே முதலில் இருப்பவருக்கு அந்த இடம் முன்கூட்டியே தெரியும். நீங்கள் வெளியிலிருந்து அவர் மடியில் போய் விழுந்தீர்கள். அடுத்த முறை நீங்கள் முதலில் உள்ளே இருங்கள். டி-ஸ்கேனை (சுற்றியிருக்கும் கப்பல்களைக் காட்டும் கருவி) சில நொடிக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே இருங்கள். அதன் எல்லை 14.3 ஏ.யூ. (ஒரு ஏ.யூ. என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). கோணத்தை 5 டிகிரிக்குக் குறுக்கி வெளியே கேட் இருக்கும் திசையில் வைத்தால், என்ன கப்பல் அங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். இன்கர்சஸ் என்றால், வந்து விழும் இடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி நில்லுங்கள். காண்டோர் என்றால் அந்த இடத்தின் மேலேயே நில்லுங்கள், விழுந்த நொடியில் ஸ்க்ராம் மாட்டும். அவர் வராமல் திரும்பிப் போனால் கப்பல் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்தவெளியில் காண்டோரிடம் மாட்டினால் ஆஃப்டர்பர்னர் ரிஃப்டருக்கு நல்ல வழி ஏதுமில்லை, அந்தச் சண்டையை ஏற்கவே கூடாது. மைக்ரோவார்ப் டிரைவ் இருந்தால் ஒன்று செய்து பார்க்கலாம், 'ஸ்லிங்ஷாட்' என்பார்கள். அவரை விட்டு விலகி நேர்கோட்டில் ஓடுங்கள். தூரத்தைத் தக்கவைக்கும் கட்டளையைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே முழு வேகத்தில் வருவார். வேகம் பிடித்ததும் சட்டென்று திரும்பி, டிரைவை ஓவர்ஹீட் செய்து அவரை நோக்கிப் பாயுங்கள். அவருடைய கப்பலுக்கு நின்று திரும்பச் சில நொடி ஆகும், அந்தச் சில நொடியில் இடைவெளி சரியும். 10.8க்குள் வந்ததும் ஓவர்ஹீட்டில் ஸ்க்ராம், அவர் டிரைவ் அணையும், பிறகு வெப். ஆனால் கையால், வெளியில் இரட்டைக் கிளிக் செய்து ஓட்டுபவரிடம் இது அரிதாகத்தான் பலிக்கும். இன்னொன்று: மைக்ரோவார்ப் டிரைவ் 500 சதவீதம் வேகம் தரும்போது கப்பலின் சிக்னேச்சரையும் (எதிரியின் குறிக்குத் தெரியும் அளவு) 500 சதவீதம் ஊதிப் பெரிதாக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடிக்க எளிதான குறி.

நான்காவது சண்டைதான் எனக்கு மிகவும் வலித்தது. அது நீங்கள் ஜெயித்திருக்க வேண்டிய சண்டை. உங்கள் ஃபிட்டில் (கருவிப் பொருத்தத்தில்) வெப் இல்லை. அவரிடம் இருந்திருந்தால், எங்கே நிற்பது என்பதை அவர் மட்டுமே முடிவு செய்திருப்பார். மூன்று மிட் ஸ்லாட்டில் ஆஃப்டர்பர்னர், ஸ்க்ராம், வெப் என்பது பழகிப்போன ஏற்பாடு, காரணத்தோடுதான் பழகியிருக்கிறது. ஷீல்ட் எக்ஸ்டெண்டரைக் கழற்றி எறியுங்கள். ஆர்மர் ரிப்பேரரும் ஷீல்ட் எக்ஸ்டெண்டரும் ஒரே கப்பலில் இருந்தால் இரண்டுமே அரைகுறை. எக்ஸ்டெண்டர் சிக்னேச்சரையும் கூட்டுகிறது.

ரிப்பேரரை எப்போது தொடங்கினீர்கள் என்று எழுதவில்லை. பலர் தவறுவது இங்கேதான். ஷீல்ட் பூஸ்டர் ஒவ்வோர் இயக்கச் சுற்றின் தொடக்கத்திலேயே பலன் தரும், ஆர்மர் ரிப்பேரர் சுற்றின் முடிவில்தான் தரும். ஆர்மர் கால்வாசிக்கு இறங்கியபின் அழுத்தினால், அந்தச் சுற்று முடிவதற்குள் கப்பல் வெடித்துவிடலாம். ஷீல்ட் தீரும் தறுவாயிலேயே அழுத்தினால், பழுதே இல்லாத ஆர்மரில் நானைட் பேஸ்ட் (பழுது நீக்கும் பசை) வீணாகும். ஆர்மர் எழுபது சதவீதத்தைத் தொடும்போது தொடங்குவது என் கணக்கு. ஆன்சிலரி ரிப்பேரரில் நானைட் பேஸ்ட் எட்டுச் சுற்றுக்குத்தான். தீர்ந்தால் மறுபடி நிரப்ப 60 நொடி, அதுவரை ஃபிரிகேட் சண்டை காத்திருக்காது. அதனால் ஆட்டோ-ரீலோடை அணைத்துவைத்து, ஒவ்வொரு சுற்றும் தேவையா என்று பார்த்துத்தான் தட்ட வேண்டும்.

ஓவர்ஹீட்டும் அப்படியே. ஒரு வரிசையில் ஒன்றைச் சூடாக்கினால் பக்கத்து மாட்யூலுக்கும் சூடு பரவும். பீரங்கி வரிசை முழுவதையும் சண்டை முடியும்வரை எரியவிட்டு, கடைசி இருபது நொடியில் பீரங்கியே இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. சண்டையின் தொடக்கத்தில் ஸ்க்ராமும் வெப்பும் மாட்டும்வரை மிட் வரிசையைச் சூடாக்குங்கள், மாட்டியதும் அணையுங்கள், பிறகு பீரங்கி. ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் பேஸ்ட் வைத்து விண்வெளியிலேயே பழுது நீக்கிக்கொள்ளலாம்.

கேட் விஷயம் சுருக்கமாக. தாண்டியதும் 60 நொடிவரை, நீங்கள் அசையாதவரை யாருக்கும் தெரிய மாட்டீர்கள். அந்த நேரத்தில் யார், எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எதிரே நிற்பவர்கள் பெரிய கப்பலில் இருந்தால், அவசரமாக வார்ப்புக்குத் திரும்புவதைவிடக் கேட்டை நோக்கியே ஓடி 2,500 மீட்டருக்குள் வந்து மறுபக்கம் போய்விடுவது சில சமயம் நல்லது. ஆனால் ஒரு குண்டுகூடத் திருப்பிச் சுடக்கூடாது. சுட்டால் 60 நொடிக்குக் கேட் உங்களை அனுமதிக்காது. கிளம்புமுன் நட்சத்திர வரைபடத்தில் கடந்த ஒரு மணிநேரத்தில் அழிந்த கப்பல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கேட்டில் காவல் போட்டிருக்கும் அமைப்பு எது என்று ஊகிக்கலாம். கப்பல் போவது உறுதியானால் வெடிக்கும் முன்பே ஒரு கிரகத்தைத் தேர்ந்து வார்ப் பொத்தானைத் தட்டத் தொடங்குங்கள். லோ-செக்கில் பொதுவாக வார்ப்பைத் தடுக்கும் பபிள் போட முடியாது என்பதால், பெரும்பாலும் பாட் தப்பிவிடும். அதிலிருக்கும் இம்ப்ளான்ட் (உங்கள் திறன் கூட்டும் உள்கருவி) கப்பலைவிட விலை கூடியதாக இருக்கலாம்.

புதியவனை அடிப்பது சரியா என்று கேட்டீர்கள். புதியவர்கள் ஆட்டம் தொடங்கும் அமைப்புகளில் அவர்களைத் தொந்தரவு செய்வதை நிறுவனமே தடைசெய்திருக்கிறது, அந்த விதி நியாயமானது. அதற்கு வெளியே, நிலையத்தை விட்டுக் கிளம்பியவர் எவரும் சண்டைக்குச் சம்மதித்தவர் என்பதே ஆட்டத்தின் அடிப்படை. காவல் மிகுந்த ஹை-செக்கில்கூட, காவல்படையான கான்கார்ட் அடித்தவரைத் தண்டிக்கிறதே தவிர அடிபடுபவரைக் காப்பதில்லை. எனக்கு இதில் குறையில்லை. இழப்பு நிஜமாக இருப்பதால்தான் உங்கள் கை நடுங்கியது, அந்த நடுக்கத்துக்காகத்தான் இத்தனை வருடம் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் தோற்றவரைச் சாட்டில் அவமானப்படுத்துபவருக்கு என்னிடம் துளி மரியாதை இல்லை. சண்டை முடிந்ததும் லோக்கலில் (அந்த அமைப்பின் பொதுச் சாட்டில்) 'ஜி.எஃப்.' ('குட் ஃபைட்') என்று இரண்டெழுத்து போட்டுவிட்டு, எங்கே தவறினேன் என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள். அவர்களுக்கும் அடுத்த மாதம் சண்டைக்கு ஆள் வேண்டும்.

அடுத்த கப்பல்? அதே ரிஃப்டர். ஒன்று வேண்டாம், ஒரே ஃபிட்டில் பத்து வாங்கி லோ-செக் ஓரத்து நிலையம் ஒன்றில் வையுங்கள். கப்பல் மாற்றினால் எது உங்கள் தவறு, எது கப்பலின் குறை என்று பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு கில்மெயிலிலும் (கப்பல் இழப்பு அறிக்கையிலும்), யார் தூரத்தை முடிவு செய்தார் என்று மட்டும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

குண்டு மூன்று வகையும் கொண்டுபோங்கள். ஷீல்டை நம்பும் கப்பலுக்கு ஈ.எம்.பி., ஆர்மரை நம்பும் கப்பலுக்குப் பெரும்பாலும் ஃப்யூஷன், சந்தேகமானால் ஃபேஸ்டு பிளாஸ்மா. கூடவே பேரேஜ். ஆட்டோகேனனில் குண்டு மாற்ற 10 நொடி ஆகும், லேசர்காரருக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால் டி-ஸ்கேனில் கப்பலின் பெயர் தெரிந்ததுமே, அவர் இன்னும் வார்ப்பில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.