3 லிட்டர் 50 மில்லிலிட்டர் ஏன் 350 ஆகிறது?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள், 3 லிட்டர் 50 மி.லி.யை மில்லிலிட்டராக மாற்றச் சொன்னால் 350 என்று எழுதுகிறாள். ஆயிரத்தால் பெருக்குவதா வகுப்பதா என்பதிலும் குழப்பம். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: 350 என்ற விடை சும்மா வந்திருக்காது. 2 லிட்டர் 5 மி.லி. என்று இன்னொரு கணக்கு கொடுத்துப் பாருங்கள். 205 என்று எழுதினால், மீட்டர், சென்டிமீட்டரில் பழகிய நூறை இங்கேயும் கொண்டுவருகிறாள். (3 மீட்டர் 50 செ.மீ. என்றால் 350 செ.மீ. சரிதானே!) 25 என்று எழுதினால், இரண்டு எண்களையும் வெறுமனே சேர்த்து ஒட்டுகிறாள். எந்தத் தவறு என்று தெரிந்துகொள்ளாமல் ‘ஆயிரத்தால் பெருக்கு’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை.

நோட்டை மூடிவிட்டுத் தண்ணீரை எடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை 100 மி.லி. குவளையால் நிரப்பச் சொல்லுங்கள். பத்துத் தடவை ஊற்றுவாள். இருமல் மருந்துக்கான 5 மி.லி. கரண்டியால் என்றால் 200 தடவை. இருபதிலேயே கை ஓய்ந்துவிடும், அதுவே போதும். அப்புறம் 350 மி.லி. அளந்து ஊற்றிக் காட்டுங்கள். பாதி பாட்டில்கூட நிரம்பவில்லையே, இது எப்படி 3 லிட்டருக்கு மேல் ஆகும் என்று அவளே கேட்பாள்.

எழுதும்போது லிட்டருக்குப் பின் மி.லி.க்கு மூன்று இடம் ஒதுக்கப் பழக்குங்கள். 999 மி.லி.யைத் தாண்டினால் அடுத்த லிட்டர் வந்துவிடும், அதனால்தான் மூன்று. 3, 050 சேர்ந்து 3050. 2, 005 சேர்ந்து 2005.

பெருக்கலா வகுத்தலா என்பதற்கு ஒரே கேள்வி: சின்னப் பாத்திரத்தால் அளந்தால் அதிகத் தடவை ஊற்ற வேண்டுமா, குறைவாகவா? மி.லி. சின்னது, அதனால் எண் பெரிதாகும்; 4 லிட்டர் 4000 மி.லி. திரும்பி வரும்போது வகுத்தல். கிலோலிட்டருக்கும் இதே கதைதான், 1000 லிட்டர்.

ஒப்பிடும்போது 2 லிட்டரைவிட 1950 மி.லி. பெரிது என்று பிள்ளைகள் ஏமாறுவது சகஜம். இரண்டையும் மி.லி.க்கே மாற்றச் சொல்லுங்கள். இந்த வயதில் தசமப் புள்ளியைவிட அது எளிது. 1.5 லிட்டரும் 1 லிட்டர் 50 மி.லி.யும் ஒன்றா என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முன்னது 1500, பின்னது 1050.

அளவுக்கோட்டைப் பார்க்கும்போது பாத்திரம் சமதளத்தில் இருக்கட்டும், கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும்.