கென்னி பேக்கரின் ஃபிடில்: கேள்வி பதில்

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி வாத்திய இசை எனக்குப் புதுசு. ஃபிடிலுக்கென்று ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள் என்றால்?

யோசிக்கவே வேண்டாம், ‘கென்னி பேக்கர் ப்ளேஸ் பில் மன்றோ’. 1976, கவுண்டி ரெக்கார்ட்ஸ். பாட்டு கிடையாது, 12 மெட்டும் வெறும் வாத்தியம்தான். ஃபிடில் என்றால் நம் வயலினேதான். மெட்டுப் போட்ட மன்றோவே, புளூகிராஸின் தந்தை என்று பெயர் பெற்றவர், கூட உட்கார்ந்து மாண்டலின் வாசிக்கிறார், ஆனால் முன்னால் நிற்பது அவர் குழுவின் ஃபிடில்காரர் பேக்கர்.

கேட்டேன். எல்லாமே ஒரே வேகம், ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை.

வேகத்தை விட்டுவிட்டு வில்லைக் கேளுங்கள். மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் சுருதி ஒன்றே, ஜி-டி-ஏ-இ, விரல் வைக்கும் இடமும் ஒன்றே, அதனால் மாண்டலினில் பிறந்த மெட்டு ஃபிடில்காரர் கைக்கு இயல்பாக வரும். மாண்டலினில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறிக்கும். பேக்கரோ நீள வில்காரர், ஒரே இழுப்பில் பல சுரங்களைக் கோத்துவிடுவார். முதலில் ‘லோன்சம் மூன்லைட் வால்ட்ஸ்’ கேளுங்கள், நிதானமான மூன்று தட்டு மெட்டு, வில் எங்கே திரும்புகிறது என்று காதுக்குப் பிடிபடும். அப்புறம் ‘ஜெருசலேம் ரிட்ஜ்’. ஃபிடில் மெட்டுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதிதான், இதற்கு நான்கு, அதுவும் ஏ மைனர் என்ற சோகச் சாயல் கொண்ட சுருதியில். இந்த ஆல்பத்தில் எனக்கு உயிர் அதுதான்.

டிரம்ஸே இல்லையே, தாளம் யார் பிடிக்கிறார்கள்?

பாஸ் தட்டில் விழும், மாண்டலின் எதிர்த்தட்டில் ‘சக்’கென்று வெட்டும். அந்த வெட்டு மன்றோவுடையது. பேஞ்சோ பாப் பிளாக், கிட்டார் ஜோ ஸ்டூவர்ட், பாஸ் ராண்டி டேவிஸ்.

நான் கர்நாடக வயலின் கற்கிறேன். அதே வயலினில் இதை வாசிக்கலாமா?

வாத்தியம் அதேதான், தாராளமாக வாசிக்கலாம். நாம் ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம், அங்கே ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமம். அடிக்கடி மாற்றிமாற்றிச் சேர்த்தால் தந்தி நிற்காது, முடிந்தால் இன்னொரு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கமகத்தை அதில் தேடாதீர்கள். சுரத்தைக் கீழிருந்து லேசாக இழுத்துச் சேர்ப்பார்கள், இரண்டு தந்தியை ஒன்றாக உரசுவார்கள், அந்த ருசி வேறு.

பேக்கர் முறையாகச் சங்கீதம் படித்தவரா?

கென்டக்கியில் ஜென்கின்ஸ் என்ற நிலக்கரி ஊரில் 1926-ல் பிறந்தவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1957-ல் மன்றோவின் குழுவில் சேர்ந்தார், நடுநடுவே விலகி மறுபடி சுரங்கத்துக்கே போனார், திரும்பி வந்தார், 1984 வரை வாசித்தார். அந்தக் குழுவில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை. ஸ்விங் என்ற துள்ளலான ஜாஸ் இசையில் அவருக்குப் பெரிய பிரியம், பாரிஸின் ஜாஸ் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியை ரசித்துக் கேட்டவர். அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்?

‘பில் மன்றோஸ் அங்கிள் பென்’, 1972. பென்டில்டன் வாண்டிவர் மன்றோவின் தாய்மாமா, ஊர் நடனங்களுக்கு ஃபிடில் வாசித்தவர், பெற்றோரை இழந்த மன்றோவைத் தன்னோடு வைத்துக்கொண்டவர். அவர் வாசித்தது எதுவும் பதிவாகவில்லை. மாமாவின் மெட்டுகளை மன்றோ நினைவிலிருந்து எடுத்துக்கொடுக்க, வாசித்தவர் பேக்கர். இரண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள், மருமகனின் மெட்டில் மாமாவின் சாயல் எங்கே தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.