18 வயது நிறைந்த மகனின் கணக்கை அப்பா இயக்கக் கூடாதா? சட்டப் பாதுகாவலர் சான்று வாங்குவது எப்படி?

கேள்வி சுருக்கமாக: மகனுக்கு அறிவுசார் குறைபாடு, 75 சதவீதம். போன மாதம் 18 நிறைந்தது. இதுவரை அப்பா கையெழுத்தில் நடந்த கணக்கை வங்கி நிறுத்திவிட்டு, "கோர்ட் ஆர்டர் வேண்டும்" என்கிறது. அப்பா மத்திய அரசு ஊழியர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு.

கணக்கை நிறுத்தியது சரி. கோர்ட் ஆர்டர்தான் வேண்டும் என்றது தவறு.

பெற்றோர் இயல்பான பாதுகாவலராக இருப்பது பிள்ளைக்கு 18 நிறையும் வரைதான். அதன்பின் குறைபாடு எத்தனை சதவீதமானாலும் அவர் மேஜர். அவருக்காகக் கையெழுத்துப் போட அப்பாவுக்கும் தனி நியமனம் வேண்டும். இதற்காகவே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் சேர்ந்த மாவட்டக் குழுதான் பாதுகாவலரை நியமிக்கிறது. லோக்கல் லெவல் கமிட்டி என்பதைச் சுருக்கிப் பேச்சுவழக்கில் எல்.எல்.சி. என்பார்கள். வக்கீல் தேவையில்லை. இந்தக் குழு தரும் பாதுகாவலர் சான்றை ஏற்றுக் கணக்கை இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. கிளை மேலாளருக்குத் தெரியாவிட்டால் அதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

இந்தச் சட்டத்துக்குள் வருபவை நான்கே: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. மனச்சிதைவு போன்ற மனநோய்கள் வராது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்வதால் எல்லாருக்கும் எல்.எல்.சி. சான்று உண்டு என்று நினைத்து விண்ணப்பித்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

விண்ணப்பத்துக்கு முன் ஊனச் சான்றின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறுவயதில் தந்த சான்று 18 வயதோடு முடியும். அப்போது மறுமதிப்பீடு செய்து தருவதுதான் வாழ்நாள் சான்று. இந்த மதிப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. சதவீதத்தைத் தீர்மானிப்பதில் வி.எஸ்.எம்.எஸ். என்ற சமூக முதிர்ச்சி அளவீட்டுக்குப் பெரிய பங்கு. பெரும்பாலும் பெற்றோரிடம் கேள்வி கேட்டுத்தான் அதை நிரப்புவார்கள். மதிப்பெண் 36 முதல் 54 என்றால் 75 சதவீதம், 55 முதல் 69 என்றால் 50, 70 முதல் 84 என்றால் 25தான். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 வேண்டும். நம் வீட்டு அம்மாக்களோ வெளியாள் முன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "அவனே குளிப்பான், கடைக்குப் போவான்" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். சோப்புப் போட ஒருவர் சொல்லித்தர வேண்டும், மிச்சச் சில்லறையை எண்ணத் தெரியாது என்பதெல்லாம் பதிவாகாது. பொய் சொல்ல வேண்டியதில்லை. எந்த உதவியோடு செய்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

அடுத்தது படிவம் ஏ, அதாவது பாதுகாவலர் நியமனத்துக்கான விண்ணப்பம். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஊனச் சான்று, யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று, மகன், பெற்றோர் ஆதார், புகைப்படங்கள் ஆகியவற்றோடு கொடுக்கலாம். அப்பாவும் அம்மாவும் கூட்டாகவே விண்ணப்பியுங்கள். அப்பா பெயரில் மட்டும் வாங்கிவிட்டு அவர் காலமானால், அம்மா முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

குழு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்: இவருக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை. இரண்டாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஒருவரின் முடிவெடுக்கும் உரிமையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறீர்கள். ஆகவே வங்கி, ஓய்வூதியம், சொத்து, சிகிச்சை என்று தேவையானதை மட்டும் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. வங்கியில் கேள்வி வரும்போதும் அந்தத் தெளிவு உதவும்.

நியமனம் படிவம் பி-யில் வரும். பலர் அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்து, வரவேண்டியது, கடன் எல்லாவற்றையும் பட்டியலாகக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30க்குள், கணக்குத் தர வேண்டும். சொத்தைக் கவனிக்காமல் விட்டாலோ கையாடினாலோ பாதுகாவலரை நீக்கக் கோரிப் பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ குழுவிடம் போகலாம். பங்காளித் தகராறு உள்ள வீடுகளில் இது நிஜமான ஆபத்து. மகன் பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள், வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள்.

ஓய்வுக்கு முன் உங்கள் அலுவலகத்தில் முடிக்க வேண்டிய வேலையும் உண்டு. சம்பாதித்து வாழ முடியாத அளவு குறைபாடுள்ள பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பின் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2021 பிப்ரவரி ஆணைப்படி, பிள்ளையின் பிற வருமானம் கிடைக்கவேண்டிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். அந்தத் தொகை கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும். குடும்ப விவரப் படிவத்தில் மகன் பெயரையும் குறைபாட்டையும் சேர்த்து, அவருக்காகப் பணத்தை யார் பெறுவது என்பதையும் நாமினேஷனாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது இருந்தால் பிற்பாடு கோர்ட் சான்று கேட்டு இழுத்தடிக்க முடியாது. ஓய்வூதிய ஆணையிலேயே மகன் பெயரை முன்கூட்டி ஏற்றவும் விண்ணப்பிக்கலாம்.

மருத்துவச் செலவுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தருகிறது, சேர்வதற்கு முன்பரிசோதனை கிடையாது. தமிழ்நாட்டு அரசின் மாதம் ரூ.2,000 பராமரிப்புத் தொகைக்கும் அதே நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

இன்னொன்று: உயிலில் வீட்டை நேரடியாக மகன் பெயருக்கு எழுதிவிட்டால், பராமரிப்புச் செலவுக்கு விற்க வேண்டி வரும் அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சிக்கும். அதைவிட மகனைப் பயனாளியாக வைத்து ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி, சொத்தை அதற்கு எழுதுவதே மேல் என்பேன். இந்த ஒரு பத்திரத்துக்கு மட்டும் வக்கீல் பீஸைப் பார்க்காதீர்கள்.