சேனலில் டிஎன்ஏ குவியவில்லையா? உப்பைப் பாருங்கள்

கேள்வி: தொண்டி பக்கம் ஓர் இறால் குட்டையில் எடுத்த நீரில் வெண்புள்ளி வைரஸின் டிஎன்ஏவைத் தேடுகிறேன். நீரை நேராக, நுண்ணிய கால்வாய் (சேனல்) கொண்ட மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் விட்டு 100 வோல்ட் கொடுத்தேன். டிஎன்ஏ குவியவில்லை, குமிழிதான் வருகிறது. வோல்டேஜைக் கூட்டலாமா? (முதுநிலை மாணவி)

பதில்: கூட்டாதீர்கள். சிக்கல் உப்பில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேனல் 1 செ.மீ. நீளம், 100 மைக்ரான் அகலம், 50 மைக்ரான் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். 100 வோல்ட்டில் 250 மைக்ரோஆம்பியர் ஓடும். 25 மில்லிவாட் சூடு. அற்பமாகத் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பதோ ஒரு மைக்ரோலிட்டரில் இருபதில் ஒரு பங்கு நீர். சூடு வெளியேறாவிட்டால் நொடிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏறும். சிப் செய்யப் பயன்படும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் சூட்டை எளிதில் வெளியே விடாது. குமிழி வராமல் என்ன செய்யும்? குட்டை நீரில் உப்பு சற்றுக் குறைந்தாலும் கதை இதேதான்.

சரி, என்ன செய்யலாம்? டிஎன்ஏ வைரஸின் கூட்டுக்குள் இருப்பதால் எப்படியும் பிரித்தெடுத்தாக வேண்டும். சிலிக்கா கிட்டில் பிரித்துக் கழுவி, 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபரில் (அமில-கார நிலையைச் சீராக வைக்கும் கரைசல்) எடுங்கள். மின்னோட்டம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகும். நூறு மடங்கு நீர்த்தாலும் மின்னோட்டம் இறங்கும்தான். ஆனால் டிஎன்ஏவும் அதே அளவு நீர்த்துவிடும். அப்புறம் செறிவூட்டி என்ன பயன்?

இந்த மாதிரியை 100 மில்லிமோலார் டிரிஸ் பஃபருக்கு நடுவே ஒரு துண்டாக நிறுத்துங்கள். உப்பு குறைந்த இடத்தில் மின்புலம் வலுவாக இருக்கும். எதிர்மின்சுமை கொண்ட டிஎன்ஏ நேர்மின்வாயை நோக்கி ஓடும். அடர்ந்த பஃபரைத் தொட்டதும் வேகம் சரிந்து எல்லையில் குவியும். விரைந்து வரும் வண்டிகள் பாம்பன் பாலத்தில் கடலை வேடிக்கை பார்க்க வேகம் குறைத்து நெருங்குமே, அதுபோல. பஃபரைவிட உப்பு மிகுந்த குட்டை நீரை இப்படி நிறுத்தினால் எல்லாம் தலைகீழ்: டிஎன்ஏ பரவிப்போகும்.

பிளாட்டினம் கம்பிகள் முனைக் கிணறுகளில் நிற்கட்டும், சேனலுக்குள் நீள வேண்டாம். மின்னோட்டம் திடீரென்று பூஜ்யமானால் குமிழி அடைத்திருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் சூடாகிறது. கேமராவைவிட அம்மீட்டரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்னும் பல மடங்கு செறிவு வேண்டுமென்றால் நாஃபியான் சவ்வு இருக்கிறது. அது நேர் அயனிகளை மட்டும் விடும். அதன் முன் அயனி வறண்ட பகுதி உருவாகி, விளிம்பில் டிஎன்ஏ தேங்கும். இதே தத்துவத்தில், நானோ வடிகட்டி கொண்டு, எம்ஐடியின் ஜோங்யூன் ஹான் குழு 2005இல் புரதங்களைப் பத்து லட்சம் மடங்கு வரை செறிவூட்டியது.

அது பிறகு. முதலில் தெரிந்த டிஎன்ஏ ஒன்றுக்குச் சாயமேற்றி ஓட்டுங்கள். நுண்ணோக்கியில், எல்லையில் மெல்லிய பச்சைக் கோடு தெரிந்த பிறகு குட்டை மாதிரிக்கு வாருங்கள்.