ஓ.எஸ். போட்டே வந்த சர்வர்: முதல் நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை பேக்டரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடும் பேக்டரி. இதுவரை ஒரு சாதாரண கம்ப்யூட்டரையே சர்வராக வைத்து ஓட்டினோம், இப்போது முதலாளி புது டவர் சர்வர் வாங்கியிருக்கிறார். 1 டி.பி. டிஸ்க் இரண்டு, விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் போட்டே வந்திருக்கிறது. விற்றவர் "எல்லாம் ரெடி சார், ஆன் செய்தால் போதும்" என்கிறார். கோவையிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் தனியாகப் பணம், அதுவும் அடுத்த வாரம்தான். எடை போடும் இடம், பில், டாலி என்று ஐந்து கம்ப்யூட்டர் இதில் சேர வேண்டும். நானே ஆரம்பிக்கலாமா?

பதில்: தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் "ரெடி" என்று அவர் சொன்னதில் பாதிதான் சரி. விண்டோஸை டிஸ்க்கில் ஏற்றும் அரை மணி நேர வேலை உங்களுக்கு மிச்சம், அவ்வளவுதான். டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, நேரம் எந்த ஊர் நேரம், எத்தனை பேருக்கு லைசென்ஸ் என்பதையெல்லாம் பெட்டி கட்டிய இடத்தில் யாரோ தீர்மானித்து அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் பேக்டரியைப் பார்க்காமலே. சில விஷயங்களை பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் அழித்துவிட்டுத்தான் மாற்ற முடியும். இன்றைக்கு அந்த சர்வரில் ஒரு விவசாயியின் கணக்குகூட இல்லை, எத்தனை முறை அழித்தாலும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. அதனால் அழிக்க வேண்டி வரக்கூடியதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒன்று. இரவெல்லாம் வண்டியிலோ ஷெட்டிலோ குளிரில் கிடந்த பெட்டியை, ஹீட்டர் போட்ட ஆபீஸுக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால் உள்ளே இருக்கும் உலோகத்தின் மேல் ஈரம் கோக்கும், கண்ணாடிக்காரர் குளிரிலிருந்து சமையலறைக்குள் நுழைந்தால் கண்ணாடி மங்குமே, அதேதான். மூடியபடியே அரை நாள் அறையில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். இடமும் முக்கியம். ட்ரையர் பக்கத்து அறை வேண்டாம், சலிக்கும் இடத்திலிருந்து தூளும் பஞ்சும் பறந்து வரும் அறை வேண்டவே வேண்டாம், சர்வரின் விசிறி அதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் ஏ.சி. தேவையில்லை. ஆனால் உயரம் கூடக்கூடக் காற்று மெலிதாகி சூட்டை எடுத்துப்போகும் திறன் குறைகிறது, அதனால் 35 டிகிரி வரை ஓடும் என்று எழுதியிருக்கும் சர்வரை கோத்தகிரி உயரத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கும் எல்லை உண்டு, பல டவர் சர்வர்களுக்கு 10 டிகிரிதான் கீழ் எல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அணைத்துவிட்டுக் காலையில் போடும் பழக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிக்கொண்டே இருந்தால் அதன் சூட்டிலேயே அது காய்ந்திருக்கும்.

சரி, இப்போது ஆன் செய்யலாம். முதல் தடவை நாடு, மொழி, கீபோர்டு கேட்கும், லைசென்ஸ் நிபந்தனைக்குச் சம்மதம் கேட்கும், பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு போடச் சொல்லும். பாஸ்வேர்டை நீங்களே வையுங்கள், விற்றவர் போனில் சொல்வதை வைக்காதீர்கள். ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு முதலாளியின் பீரோவில் வைத்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் வழக்கமான விண்டோஸ் திரை வராமல் கறுப்புத் திரையில் எழுத்து மெனு மட்டும் வந்தால், அது கோர் என்ற வகை. அதைப் பிறகு படம் காட்டும் வகையாக மாற்ற வழியில்லை, மறுபடி இன்ஸ்டால்தான். அப்படி வந்திருந்தால் அங்கேயே நிறுத்தி விற்றவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது டிஸ்க். என் கணக்கில் இந்தப் பதிலில் பாதி எடை இதற்குத்தான். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, மொத்தம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ஒரே டிஸ்க்காக, 930 ஜி.பி. அளவில் காட்டினால் நல்லது, பெரும்பாலும் இரண்டு டிஸ்க்கும் ரெய்டு 1-இல் இருக்கின்றன, அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படுகிறது (1 டி.பி. என்று விற்பதை விண்டோஸ் 931 என்றுதான் காட்டும், குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்). ஒரே டிஸ்க்காக 1860-க்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டையும் கோத்து ஒரு பெரிய டிஸ்க்காக ஆக்கியிருக்கிறார்கள் என்று பொருள், அதில் ஒன்று கெட்டால் இரண்டும் போனதற்குச் சமம். 930 அளவில் இரண்டு தனித்தனி டிஸ்க்காகக் காட்டினால் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் போடவில்லை. இந்த இரண்டு நிலையிலும் ரெய்டு கார்டின் (டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) மெனுவுக்குப் போய் ரெய்டு 1 ஆக மாற்ற வேண்டும், மாற்றினால் பெரும்பாலும் போட்டு வந்த விண்டோஸ் அழிந்துவிடும், திரும்ப ஏற்ற வேண்டும். செய்யுங்கள், தயங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில் இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்ற தைரியத்தில் மூன்று வருடம் ஓட்டினார்கள், ஒரு மழைக்காலத்தில் ஒன்று நின்றுபோனபோதுதான் கோத்துப் போட்டிருந்தது தெரிந்தது. அந்த வருடக் கணக்கைக் கைச்சீட்டுகளை வைத்துத் திரும்ப ஏற்றினோம், நானும் உட்கார்ந்து தட்டினேன்.

திரும்ப ஏற்றுவதற்கு டி.வி.டி. அல்லது பென்டிரைவ் வேண்டும். பெட்டிக்குள் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்குங்கள். கேபினட்டில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். சர்வரோடு சேர்ந்து வரும் லைசென்ஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான், நாளைக்கு வேறு சர்வர் வாங்கினால் அதற்கு மாற்ற முடியாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பிறகு நேரமும் தேதியும். புது சர்வர்கள் பல அமெரிக்காவின் பசிபிக் நேரத்திலேயே வருகின்றன, அதை 5:30 கூட்டிய நம் நேரத்துக்கு மாற்றுங்கள். தேதி வடிவம் இன்னும் ஆபத்து. ரீஜன் அமைப்பில் இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றினால் உங்கள் லாகினுக்கு மட்டும்தான் மாறும், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் பழையபடி மாதத்தை முன்னால் வைத்தே படிக்கும். அட்மினிஸ்ட்ரேட்டிவ் என்ற தாவலுக்குப் போய் காப்பி செட்டிங்ஸ் அழுத்தி, வெல்கம் ஸ்கிரீன், சிஸ்டம் அக்கவுண்ட் இரண்டுக்கும் நகல் எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் இதை விட்டுவிட்டதால் ஏப்ரல் 5-ஆம் தேதி இலை மே 4-இல் போய் விழுந்தது, 12-க்கு மேற்பட்ட தேதிகள் சரியாக விழுந்ததால் மாதக் கடைசி வரை யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இலைப் பணம் வாங்க வந்த ஒரு பாட்டி தன் சிட்டையைக் காட்டி "பத்து நாள் இலையைக் காணோமே" என்று கேட்டபோதுதான் பார்த்தோம். அவர் கேட்டிருக்காவிட்டால் அந்த மாதம் எத்தனை பேருக்குக் குறைந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சர்வரின் பெயரையும் இப்போதே மாற்றுங்கள். WIN என்று தொடங்கி ஏதோ எழுத்துகளாக இருக்கும். 15 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். பில் சாஃப்ட்வேரும் அதன் டேட்டாபேஸும் ஏற்றிய பிறகு பெயரை மாற்றினால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போய்த் திருத்த வேண்டியிருக்கும். ஐ.பி. முகவரியையும் நிலையாகக் கொடுத்துவிடுங்கள். ஐந்து கம்ப்யூட்டருக்கு டொமைன் (எல்லா லாகினையும் சர்வரே நிர்வகிக்கும் முறை) தேவையில்லை, வொர்க்குரூப் (ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி லாகின்) போதும். கணக்கு டேட்டாவை சி டிரைவில் வைக்காதீர்கள், சி-யைச் சுருக்கி டி ஒன்று உண்டாக்கி அதில் வையுங்கள்.

லைசென்ஸில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், விற்பவர்களும் சொல்வதில்லை. ஸ்டாண்டர்ட் வாங்கினால் சர்வரில் விண்டோஸ் ஓடலாம், ஆனால் அதோடு சேரும் கம்ப்யூட்டர்களுக்கு கேல் என்ற அனுமதி தனி. பில்லில் அது இருக்கிறதா பாருங்கள். ஆளுக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று என இரண்டு வகை. உங்கள் எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டரில் ஷிப்டுக்கு ஒருவர் உட்காருவார் இல்லையா, அப்படியென்றால் கருவிக் கணக்கில் ஐந்து வாங்குவதுதான் லாபம். டாலியை ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது சர்வரின் திரையையே அவரவர் கம்ப்யூட்டரில் திறந்து, சர்வருக்குள்ளேயே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு இன்னொரு கேல் வேண்டும், டொமைன் இல்லாத இடத்தில் அதிலும் கருவி வகைதான் ஒழுங்காக வேலை செய்யும். அது இல்லாமலும் 120 நாள் ஓடும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், 121-ஆம் நாள் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது.

பாதுகாப்பு சுருக்கமாக. வைரஸ் தடுக்கும் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, அணைக்காதீர்கள். சர்வரில் உட்கார்ந்து மெயிலோ யூடியூபோ பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிடச் சொல்வார்கள், திறக்காதீர்கள், அந்த வாசலைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சர்வரின் பின்பக்கம் நிர்வாகத்துக்கென்று தனி நெட்வொர்க் போர்ட் இருந்தால், அதன் பாஸ்வேர்டு கேபினட்டில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும், அதை மாற்றிவிடுங்கள். அப்டேட்டில் முதலில் பயாஸ், ரெய்டு கார்டு ஆகியவற்றின் ஃபர்ம்வேர் (அந்தந்தப் பாகத்துக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்), பிறகு விண்டோஸ். மாதா மாதம் வருவது இரண்டாம் செவ்வாய், நமக்கு அன்றைய இரவு. உடனே போடாமல் இலை வரத்து குறைந்த ஒரு நாளில் போடுங்கள்.

கரண்ட் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்தால் நாள் கணக்கில் போய்விடும். யு.பி.எஸ். வாங்கினால் மட்டும் போதாது, அதன் யு.எஸ்.பி. வயரை சர்வரில் செருகி, பேட்டரி தீரும் முன் சர்வர் தானே அணையும்படி அமைக்க வேண்டும். இலையை நசுக்கும் சி.டி.சி. மெஷின் மோட்டார் கிளம்பும் லைனிலேயே சர்வரையும் மாட்டாதீர்கள், தனி லைன் இழுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், 3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் சர்வர்.

பேக்கப் எடுக்க விண்டோஸ் சர்வர் பேக்கப் என்ற வசதி உள்ளேயே உண்டு, ஆனால் இயல்பாகப் போட்டிருக்காது, சர்வர் மேனேஜரில் சேர்க்க வேண்டும். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று சர்வரில், ஒன்று உங்கள் வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து சாலை அறுந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு வாரத்தில் கீழேயிருந்து எந்த என்ஜினியரும் ஏறி வர மாட்டார், கையில் இருக்கும் டிஸ்க்தான் உதவும்.

இவ்வளவும் முடிந்ததும் கணக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு நாள் சோதனை வையுங்கள். முழு பேக்கப் எடுத்து, டி.வி.டி.யிலிருந்து கிளப்பி அந்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். சுவர் சுவிட்சை அணைத்து, யு.பி.எஸ். சொல்லி சர்வர் அணைகிறதா பாருங்கள். ஓடும்போதே கழற்றும் வகை டிஸ்க் என்றால் ஒன்றை உருவி, எச்சரிக்கை வருகிறதா, வேலை தொடர்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள், மறுபடி முழுதாக நகலாகச் சில மணி நேரம் ஆகும், அதுவரை காத்திருங்கள். பிறகு பழைய கம்ப்யூட்டரை உடனே ஓரங்கட்டாமல் ஒரு மாத இலைப் பட்டுவாடா இரண்டிலும் ஒத்து வரும் வரை சேர்த்தே ஓட்டுங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் எவ்வளவு காட்டியது என்பதை மட்டும் இன்றைக்கே பார்த்து எழுதுங்கள். ரெய்டு மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் கார்டுக்கு ஏற்றபடி படிப்படியாகச் சொல்கிறேன்.