மருந்தடித்தால் கண் மங்குவது ஏன்? ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள்: கேள்வி பதில்

பாலக்கோடு: தக்காளிக்கு மருந்தடிச்சா எச்சில் ஊறுது, கண் மங்குது. வாடையாலயாண்ணா?

வாடை மட்டும் இல்லை தம்பி, மருந்தே உடம்புக்குள் போயிருக்கிறது. நரம்பு தசையை இயக்க அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போடுவது கோலினெஸ்டரேஸ் நொதி. ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து, அதாவது பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்து, அந்த நொதியில் ஒட்டி முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்கத் தேங்க எச்சில், கண்ணீர், வியர்வை பெருகும், கண்பாவை குண்டூசி முனையாய்ச் சுருங்கிப் பார்வை மங்கும். அப்புறம் தசை துடிக்கும், தளரும். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் தசையும் ஓயும்போதுதான் உயிர் போகிறது. புழுவுக்கும் நமக்கும் இதே நொதிதான்.

ராயக்கோட்டை: மாலத்தியானும் மோனோகுரோட்டோபாஸும் ஒரே ஆர்கனோபாஸ்பரஸ் இனம்னா விஷத்துல ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மாலத்தியானில் கந்தகம் இருக்கிறது. உடம்பு அதை நீக்கி ஆக்சிஜனைச் சேர்த்த பிறகே முழு விஷமாகும். அதற்குள் நம் உடம்பின் வேறு நொதிகள் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், பூச்சிக்கு அந்த வசதி குறைவு. மோனோகுரோட்டோபாஸ் தொடக்கத்திலேயே ஆக்சிஜன் வடிவம், மாற்றமே தேவையில்லை. 2013இல் பீகார் பள்ளி மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது இதுதான்.

அரூர்: மூக்குல துண்டு கட்டினா போதுமா?

போதாது. தெளிக்கும்போது முக்கிய வழி தோல். லிட்டருக்கு 2 மில்லி கலக்கிறீர்கள் என்றால், டப்பாவில் இருப்பது அதைவிட 500 மடங்கு கெட்டி. ஆகவே கலக்கும் நேரமே பெரிய ஆபத்து. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள், துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்திருக்கும். டேங்க் மூடி கசிந்து முதுகு நனைந்தால் வேலையை நிறுத்திச் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளியுங்கள். மாமரத்துக்கு அண்ணாந்து அடிப்பவர்களுக்கு முகத்திலும் தோளிலும் சொட்டும், முகக்கவசமும் முழுக்கை மேலாடையும் கட்டாயம்.

போச்சம்பள்ளி: யாராவது குடிச்சுட்டா உப்புத்தண்ணி குடுக்கலாமா?

கூடவே கூடாது. வாந்தியில் மருந்தின் கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, 108ஐ அழையுங்கள். துணியைக் கழற்றும் உங்கள் கைக்கும் கையுறை வேண்டும். டப்பாவையோ லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிவு மருந்து கொடுத்து, நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கும்வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்குவார்கள். நொதியில் ஒட்டிய மருந்து நேரம் போகப்போக இறுகிவிடும். சில மருந்துகளில் சுமார் 4 மணி நேரத்திலேயே பாதி இறுகும், அதன்பின் எடுப்பது கடினம். தேறிவிட்டார் என்று மறுநாளே அழைத்து வராதீர்கள். 1 முதல் 4 நாளுக்குள் கழுத்து தளரலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், அடுத்து ஓய்வது மூச்சுத் தசை.