ஐவி லீக்கில் விளையாட்டு வழி சேர்க்கை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, பையன் சென்னையில் ஸ்குவாஷ் ஆடுகிறான், பத்தாம் வகுப்பு. பிரின்ஸ்டனில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் எவ்வளவு கிடைக்கும்?

ஒரு ரூபாயும் கிடைக்காது. பிரின்ஸ்டன், ஹார்வர்டு, யேல், கொலம்பியா எல்லாம் இருக்கிற அமெரிக்க ஐவி லீக்கின் 8 கல்லூரிகளும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். ஆட்டத்தால் கிடைப்பது வேறு: கோச் தன் பட்டியலில் உங்கள் பையன் பெயரை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்புவார், அந்தப் பட்டியலில் இடம் மிகக் குறைவு. பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையிலிருந்து அலுவலகம் மதிப்பெண்ணையும் எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் முன்கூட்டியே பார்த்து, தேறுவானா என்று கோச்சிடம் சொல்லும், இதுதான் 'ப்ரீ ரீட்'. அப்புறம் அக்டோபரிலிருந்து 'லைக்லி லெட்டர்', அதாவது இடம் அநேகமாக உண்டு என்று சொல்லும் கடிதம், வரலாம். அந்தக் கடிதம் அலுவலகத்திலிருந்து வந்தால்தான் நம்புங்கள், கோச் போனில் சொல்வது சேர்க்கை ஆகாது. ஸ்குவாஷ் நல்ல வழிதான், நம்ம ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவுக்கு ஆடியவர்.

கேள்வி: கிரிக்கெட்?

அங்கே அது கிளப் ஆட்டம், கல்லூரியின் அதிகாரபூர்வ அணி இல்லை. கோச் பட்டியலே கிடையாது.

கேள்வி: ஐவி லீக்கில் இல்லாத அமெரிக்காவின் எம்ஐடி எப்படி?

கோச் பரிந்துரைக்கலாம், அதோடு சரி. லைக்லி லெட்டர் இல்லை.

கேள்வி: "உன் மகள் என் பட்டியலில் இருக்கிறாள்" என்று கோச் மெயில் போட்டார். மற்ற கல்லூரிகளை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கான பின்வாசல்தானே? 99 சதவீதம் வாங்கிய பிள்ளை வெளியே நிற்கிறது.

பாதி உண்மை, அந்தப் பாதி எனக்கும் வலிக்கிறது. இனம் பார்த்துச் சேர்ப்பதை எதிர்த்து ஹார்வர்டு மேல் போட்ட வழக்கில் வெளியான கணக்குப்படி கோச் கேட்டு வாங்கும் வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, அதே காலத்தில் மொத்த விண்ணப்பங்களில் சுமார் 6 சதவீதம்தான். பாய்மரப் படகு, வாள்வீச்சு, வாட்டர் போலோ எல்லாம் எந்த வீட்டுப் பிள்ளை ஆடும்? 2019ல் பிடிபட்ட ஊழலில் ஆடவே தெரியாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டினார்கள், யேல் கால்பந்து கோச்சே லஞ்சம் வாங்கினார். 2023ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனம் பார்த்துச் சேர்ப்பதை நிறுத்தியது, இந்த வாசலை யாரும் தொடவில்லை.

கேள்வி: அக்கா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓட்டப்பந்தயம், கூடைப்பந்து ஆடி ஏழைப் பிள்ளைகளும் போகிறார்களே?

போகிறார்கள், அதனால்தான் ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்கு நீச்சல் குளத்தில் இறங்கும் பிள்ளையின் உழைப்பும் உழைப்புதான். பணம் கொட்டினால் மட்டுமே ஆட முடிகிற ஆட்டங்களுக்கு இத்தனை இடம் ஏன் என்பதுதான் என் கேள்வி. ஹார்வர்டில் மட்டும் 42 அணிகள்!

கேள்வி: கோச் வாய்வார்த்தையாக 'உறுதி' என்றார்...

இல்லை. மூன்றாவது தடவை சொல்கிறேன், கடிதம் வரட்டும்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் 5 லட்சம் கட்டினால் கோச்சிடம் பேசி இடம் வாங்கித் தருவாராம்.

கட்டாதீர்கள். கோச்சின் மெயில் முகவரி கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். ஆட்ட வீடியோ, தரவரிசை, மதிப்பெண் மூன்றையும் வைத்துப் பிள்ளையே எழுதட்டும்.